கிழக்குப் பார்த்த அடுப்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது இது: "சார், போனை அந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் வைக்காதீங்க."

வீடு பார்க்க வந்தவர் அவிநாசியில் நூல் வியாபாரம் செய்கிறவர். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். கூடத்தையும் படுக்கையறைகளையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தார்கள். தரகர் நாச்சிமுத்து நிலைப்படியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அடுப்பு கிழக்குப் பார்த்ததுங்க. வடவள்ளியில இப்படி ஒரு சமையக்கட்டு அமையறது நெம்ப செரமமுங்க."

வந்தவர் நம்பவில்லை. போனில் திசைகாட்டியைத் திறந்து, அதைச் சமமாக வைக்கச் சமையல் மேடையில் இடம் தேடினார். எங்கள் மேடையில் இடம் தேடுவது தைப்பூசத்தன்று பழனி பஸ்ஸில் இடம் தேடுவது போல. கிரைண்டர், மிக்ஸி, அதன் ஜார்கள், பால் குக்கர், எண்ணெய்த் தூக்கு, உப்பு ஜாடி, வறுத்த நிலக்கடலை, பாதித் தேங்காய் மூடி, மூடி போட்ட தயிர், மூடி போடாத மோர், ராகி மாவு டப்பா, முந்தாநாள் சுட்ட ஒப்புட்டுப் போளியில் மிஞ்சிய இரண்டு, அத்தையின் மூக்குக் கண்ணாடி. என் மாமியார் மயிலாத்தாளின் ராஜ்ஜியத்தில் எதுவும் அலமாரிக்குள் போவதில்லை. மிஞ்சியிருந்த ஒரு சாண் இடம் அவருடைய பழைய ரேடியோவுக்கும் வாழைப்பழச் சீப்புக்கும் நடுவில் இருந்தது. அங்கே வைத்தார். முள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது.

"தெக்குல்ல காட்டுது," என்றார்.

"இருக்காதுங்க. காலைல வெயிலே இந்த ஜன்னல்லதாங்க அடிக்குது," என்றார் நாச்சிமுத்து.

"வெயில் எங்க வேணாலும் அடிக்குமுங்க. போன் பொய் சொல்லாதுல்ல."

அவருடைய மனைவி மெல்லிய குரலில், "தெக்கப் பார்த்துச் சமைச்சா ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதுங்க," என்றார். அதற்குப் பிறகு அந்த ஆம்பளை இங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. போகிற அவசரத்தில் நாச்சிமுத்துவின் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி, பாதியில் திரும்பி வந்தார்.

"ஊடு திரும்பி உக்காந்துக்கிச்சாட்ட இருக்குது," என்று அத்தை சொன்னார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அந்த ரேடியோவின் ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒரு ராகி ரொட்டி கனத்துக்குக் காந்தம் இருக்கும். பழைய காலத்தில் இரும்பு ஏற்றிய கப்பல்களில் திசைகாட்டி தடம் மாறிப் பாறையில் மோதிய கதைகளைப் படித்திருக்கிறேன். இன்று ஒரு நூல் வியாபாரி தரை தட்டினார். எனக்குக் காரணம் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

நாங்கள் இங்கே வாடகைக்கு இருக்கிறோம். உரிமையாளர் மஸ்கட்டில் இருந்துகொண்டு வீட்டை விற்கிறார். என் கணவர் பூபதி போன தீபாவளிக்குப் பிறகு ஓசூருக்கு மாற்றலாகி அங்கே இருக்கிறார். இந்த வீடு விலை போனதும் நானும் அவரும் ஓசூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குப் போவது, அத்தை காங்கேயத்தில் மகள் நிர்மலா வீட்டுக்குப் போவது என்று திட்டம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. "வீட்ட வித்துட்டா அம்மாகிட்ட நாம பேச்சே எடுக்க வேண்டியதில்ல," என்கிறார் பூபதி.

இந்தத் திட்டத்தில் எனக்கு முழுச் சம்மதம். அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

காலையில் மிக்ஸியைத் துடைத்து மேல் அலமாரியில் வைத்தேன். மத்தியானம் எனக்கு மெய்ப்புத் திருத்த வந்த ஏழாம் வகுப்பு அறிவியலில் தவளை இதயத்துக்கு எத்தனை அறை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றார்.

"கண்ணு, அந்த மிக்ஸிய எறக்கி வெச்சுட்டு அப்பறம் படிப்ப."

"இப்ப அரைக்க ஒண்ணும் இல்லையே அத்தை."

"அரைக்கறப்ப தேடிட்டு இருக்க முடியாதுல்ல. உள்ள வெச்சா ஆகாது."

இறக்கி வைத்தேன். திருமணமாகி வந்த ஆவணியிலிருந்து இதே விளையாட்டு. நான் ஒன்றை உள்ளே வைப்பேன், அவர் ஒன்றை வெளியே கேட்பார். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. நாங்கள் இருவருமே மரியாதை தெரிந்தவர்கள்.

எனக்கென்று ஒரு மேடை எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். கறுப்புக் கல். அதன்மேல் அடுப்பு. வேறு ஒன்றும் இல்லை. துடைத்தால் என் முகம் தெரியவேண்டும்.

மாலையில் அத்தைக்குக் கொண்டை போட்டுவிட்டேன். பொங்கலிலிருந்து நான்தான் போடுகிறேன். "உன்ற கை பட்டா முடி கொட்டறதில்ல கண்ணு," என்கிறார். முகஸ்துதி என்று தெரியும். இருந்தாலும் ஒழுங்காகத்தான் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

நாச்சிமுத்து நேற்றே உத்தரவு போட்டிருந்தார். "ஏனுங்கம்மா, மேடை மேல ஒரு சாமான் இருக்கக் கூடாதுங்க. காலியா இருந்தாத்தான் பெருசாத் தெரியும்."

என் வாழ்நாளில் எந்த உத்தரவையும் இவ்வளவு சந்தோஷமாக நிறைவேற்றியதில்லை. கிரைண்டரைக் கீழே தள்ளினேன். மற்ற எல்லாவற்றையும் மேல் அலமாரியில் அடுக்கினேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தோய்த்த துணியைக் கொடியில் போடாமல் அந்த நாற்காலியின் முதுகிலேயே காயப்போட்டிருந்தார். சமீபத்தில் வந்த சோம்பல்.

ரேடியோவை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் எழுதவேண்டும். துடைப்பதற்காக அதை அடுப்புக்கு இந்தப் பக்கம் நகர்த்தியது நினைவிருக்கிறது.

இன்று வந்தவர் ஒரு பல் மருத்துவர், தன் அம்மாவுடன். காலியான மேடையைப் பார்த்து அம்மா சொக்கிப்போனார். பிறகு மகன் போனை வைத்தார். இம்முறை மேற்கு.

நாச்சிமுத்து தானும் போனை எடுத்து வைத்துப் பார்த்தார். மேற்குதான். "போன வாரம் தெக்குங்க," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். பல் மருத்துவரின் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "வாரத்துக்கு ஒரு பக்கம் திரும்பற ஊடு நமக்கு வேண்டாம் சாமி," என்று மகனை இழுத்துக்கொண்டு போனார்.

நாச்சிமுத்து படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அத்தை மோர் கொடுத்தார்.

அவர்கள் போன சூட்டோடு அத்தை, "எல்லாத்தையும் எறக்கி வெச்சுரு கண்ணு," என்றார். எத்தனை பிடிவாதம். இறக்கினேன்.

மறுபடியும் எழுதிவைக்கிறேன்: வீடு விற்கவேண்டும் என்பதே என் விருப்பம்.

மார்ச் 9, திங்கள்

இட்லி மாவு பொங்கி வழிந்து ரேடியோவுக்குள் போய்விட்டது. இன்னும் பாடுகிறது, கொஞ்சம் புளிப்பாக.

மார்ச் 10, செவ்வாய்

அரிசிம்பருப்பு சாதத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பூபதி கூப்பிட்டார். கை ஈரம், அதனால் போனை மேடைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னுமா வெலை போகல? ஓசூர் வீட்டுக்காரர் அவசரப்படறார். அந்த ஒத்த ரூம் வீட்ட இந்த மாசமே முடிவு பண்ணணுமாம்."

"நான் என்ன பண்றது? வர்றவங்களுக்குத் திசை பிடிக்க மாட்டேங்குது."

"நீதான தனியா இருக்கணும்னு சொன்னே. உனக்குன்னு ஒரு சமையல்கட்டு, ஒரு சாமான் இல்லாத மேடை, அது இதுன்னு. அம்மாவ அக்கா வீட்ல விட்டுட்டா எல்லாம் சரியாயிரும். அம்மாவுக்கும் ஓய்வு."

"சொன்னேன்," என்றேன்.

அத்தை பால்கனியில் புதுப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நடுவில் நின்றுபோனது. புளி தீர்ந்திருக்கும்.

மார்ச் 11, புதன்

புளி பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

குளித்துவிட்டு வந்தால் மேடை காலி.

கறுப்புக் கல்லில் ஜன்னலின் நிழல் விழுந்திருந்தது. அடுப்பு மட்டும் இருந்தது. நான் கற்பனை செய்து வைத்திருந்தது அப்படியே. அத்தை தரையில் உட்கார்ந்து கடைசி டப்பாவைக் கீழ் அலமாரிக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இது?"

"உனக்கு இப்படி இருந்தாத்தான புடிக்கும்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"எல்லாம் சொல்லித்தான் தெரியோணுமா," என்று எழுந்தார். பிறகு நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தார். அவரே கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. "ஏனுங்க தம்பி, சீக்கிரமா ஒரு ஆளைப் புடிச்சுக்கிட்டு வாங்க. தை, மாசின்னு எத்தனை நாளைக்கு இழுப்பீங்க?"

நான் காலி மேடையின் முன் நின்றேன். முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய முகமாக இல்லை.

கீழ் அலமாரிகள் பிதுங்கி, கதவுகள் மூடவில்லை. ஒரு கதவை அரிசிச் சிப்பத்தால் முட்டுக் கொடுத்திருந்தார். மேல் அலமாரியைத் திறந்து பார்த்தேன். அங்கே ஒரு கரண்டிகூட இல்லை. அத்தை என்னைவிட உயரம்.

மார்ச் 14, சனி

இன்று ஒரு சின்னத் தப்புக் காரியம் செய்தேன். காப்பித்தூள் டப்பாவை மேல் அலமாரியில், நடுத்தட்டில் வைத்துவிட்டு, மெய்ப்புத் தாள்களோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை வந்தார். மேடையைப் பார்த்தார், கீழே பார்த்தார், மேலே பார்த்தார். டப்பா கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வலது கையை மார்புவரை உயர்த்தினார். நிறுத்தினார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு புடவை முந்தானையைச் சரிசெய்வதற்காகத்தான் கையைத் தூக்கினார் என்பது போல முந்தானையைச் சரிசெய்தார்.

"கண்ணு, இன்னைக்கு டீ குடிக்கலாமா? காப்பி குடிச்சு அலுத்துப் போச்சு."

அத்தை டீ குடித்து நான் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் காப்பிதான்.

"குடிக்கலாங்க," என்றேன்.

இரண்டு பேரும் டீ குடித்தோம். மருந்து குடிப்பது போல ஒவ்வொரு மடக்கையும் விழுங்கினார். அவர் கோவிலுக்குப் போனதும் டப்பாவை இறக்கி, மேடையில் அவருடைய இடுப்பு உயரத்துக்கு நேராக வைத்தேன்.

கொண்டை, நாற்காலி முதுகுத் துணி, "எறக்கி வெச்சுரு கண்ணு". தவளை இதயத்தின் அறைகளைச் சரியாக எண்ணுகிறவளுக்கு இதெல்லாம் தெரிய இவ்வளவு நாளாகியிருக்கிறது.

நாளை ஒரு தம்பதி வருகிறார்கள். கண்டிப்பாக வாங்குகிற ஆட்கள் என்கிறார் நாச்சிமுத்து. பார்ப்போம்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் அத்தை குளிக்கப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். கீழ் அலமாரியில் இருந்த எல்லாம் மேடைக்கு வந்தன. போதாது என்று பட்டது. தோசைக்கல், பெரிய குக்கர், இஸ்திரிப் பெட்டி, இந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஆப்பச்சட்டி எல்லாவற்றையும் ஏற்றினேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் ஒரு போன் அளவுக்குக் காலியாக விட்டேன். அது எங்கே என்று எழுதவேண்டியதில்லை.

பிறகு நான் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பாதியைக் காணோம். அத்தை குனிந்து நிலக்கடலை டப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். நான் மறுபக்கத்திலிருந்து எண்ணெய்த் தூக்கை வெளியே எடுத்தேன். அவர் குக்கரை இறக்கினார். நான் கடலையை ஏற்றினேன். மிக்ஸியில் இருவர் கையும் ஒன்றாகப் பட்டது.

"வுடு கண்ணு."

"நீங்க விடுங்க அத்தை."

"வர்றவங்க பார்த்தா இது சமையக்கட்டா சந்தையான்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமுங்க."

"உனக்குக் காலியா இருந்தாத்தான புடிக்கும்?"

"உங்களுக்கு நெறஞ்சிருந்தாத்தான புடிக்கும்?"

"இப்ப என்ற புடிப்ப யாரு கேட்டா?" என்றார். அழைப்பு மணி அடித்தது. மிக்ஸியை இருவருமாகவே மேடையில் வைத்தோம்.

வந்த அம்மாளின் பெயர் ரங்கநாயகி. கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாச்சிமுத்து மேடையைப் பார்த்ததும் கண்களை மூடிக்கொண்டார். ரங்கநாயகி அம்மாள் கூடத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நேரே சமையலறைக்கு வந்து, மேடையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, எந்தக் கை?"

அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குச் சோத்தாங்கை. தோள்பட்டைக்கு மேல வராது. மேல் அலமாரியத் தொட்டு வருசமாச்சு. எங்கூட்லயும் எல்லாம் இப்படி வெளியதான் கெடக்கும். மருமக எடுத்து எடுத்து உள்ள வெப்பா. கை வரலைன்னு அவகிட்டச் சொல்லுவனா? சொன்னா அடுப்புப் பக்கமே வரவேண்டாம்னுருவா."

"எனக்கு ரெண்டுமுங்க," என்றார் அத்தை.

என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்காமல் ஆப்பச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடை நல்ல நீளமுங்க," என்று ரங்கநாயகி அம்மாள் கல்லைத் தடவினார். "இத்தனை சாமான் வெச்சும் இன்னும் எடம் இருக்குது பாருங்க." வீடு வேண்டாமென்று ஓடவைக்க நான் காலையிலிருந்து கஷ்டப்பட்டு அடுக்கிய கடை. அதைப் பார்த்தே அவருக்கு வீடு பிடித்துவிட்டது.

ஆனால் கணவர் போனை எடுத்தார். நான் விட்டுவைத்த இடத்தில் வைத்தார். முள் ஆடி நின்றது.

"வடக்கு," என்றார். முகம் சுருங்கியது. "நாயகி, இது ஒத்து வராதும்மா."

நாச்சிமுத்து சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குதியாட்டம். அந்தச் சமயத்தில் அத்தை முன்னால் வந்தார்.

"சித்த இருங்க. இந்த ரேடியோவ அக்கட்ட எடுத்துட்டுப் பாருங்க. அதுல காந்தம் இருக்குது."

இரண்டு கையாலும் ரேடியோவை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய், சாப்பாட்டு மேசையில் என் மெய்ப்புத் தாள்களின் மேல் வைத்தார். முள் கொஞ்சம் தயங்கிவிட்டு, சாதுவாகக் கிழக்கே போய் நின்றது.

நாச்சிமுத்து முள்ளைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் காப்பி போடப் போனேன்.

மார்ச் 16, திங்கள்

அவர்கள் வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். காலையிலேயே நாச்சிமுத்து சொல்லிவிட்டார். குரலில் பழைய மரியாதை இல்லை, என்னோடு பேசும்போது மட்டும்.

நான் நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் நின்றார்.

"ரேடியோ விஷயம் எப்பலிருந்து தெரியும் அத்தை?"

"மொத நாளே. உங்க மாமா சட்டைக்குப் பொத்தான் தைக்கறப்ப ஊசியக் கீழ போட்டுட்டு, ரேடியோவத் தூக்கிட்டு வந்து தரையெல்லாம் தேய்ப்பாரு. பாட்டு பாடிட்டே ஊசி பொறுக்கும்."

"அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லலைங்க?"

"நீ ஏன் சொல்லுல?"

கடலையைக் கிளறினேன்.

"எனக்கு இங்கிருந்து போவ மனசில்ல, சொல்லுல. உனக்கு என்ன வந்துது?"

"தீஞ்சுருமுங்க," என்று அடுப்பைக் குறைத்தேன்.

"போன மேடை மேல வெச்சுப் பேசினா ஊருக்கே கேக்கும் கண்ணு," என்றார் அத்தை. திட்டுகிற குரல் இல்லை. "தனியா இருக்கோணும்னு நெனைக்கறது ஒண்ணும் தப்பில்ல. உன்ற வயசுல நானும் நெனைச்சேன். எம்பட மாமியாக்காரி சாகற வரைக்கும் நெனைச்சுட்டே இருந்தேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எழுதிக் கொடு என்றால் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன். கடலை தீய்ந்துதான் போனது.

மார்ச் 22, ஞாயிறு

பூபதி வந்திருக்கிறார். முதல் வேலையாக அத்தையைத் தோள்பட்டைக்குப் பயிற்சி சொல்லித் தருகிறவரிடம் அழைத்துப் போனோம். சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்றச் சொன்னார். அத்தையின் எறும்புகள் ஜன்னல் அடிக்கட்டைவரை ஏறிவிட்டு இறங்குகின்றன. "இதுக்குப் போயி காசு வேற வாங்கறாரு," என்கிறார்.

மொட்டைமாடியில் பூபதியிடம் பேசினேன்.

"அந்த ஒத்த ரூம் வேண்டாம். வேற வீடு பாருங்க. ரெண்டு ரூம். மேடை நீளமா இருக்கணும்."

"ஏன், நீதான தனியா வேணும்னே?"

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப வேற சொல்றேன்."

"அம்மா வர்றேன்னு சொன்னாங்களா?"

"கேக்கல."

"யாரு கேக்கறது?"

இருவரும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காங்கேயத்திலிருந்து நிர்மலா அண்ணி பேசினார். அத்தையின் கை விஷயம் பூபதி மூலம் அவருக்குப் போய்விட்டது.

"அம்மா, உனக்கு ரூம் ரெடி. டிவிகூட மாட்டியாச்சு. நீ சமையக்கட்டுப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன். உக்காந்த எடத்துக்குச் சாப்பாடு வரும்."

"நல்லதாப் போச்சு சாமி," என்றார் அத்தை. பாசமான மகள், பாசமான பேச்சு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனை வைத்துவிட்டு அத்தை, வேண்டிய அளவு இருந்தும் இன்னொரு கூடை மிளகாயை வறுத்தார். வீடு முழுக்க நெடி. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், இருமல். காரணம் கேட்கத் தேவையில்லாத நல்ல ஏற்பாடு.

ஏப்ரல் 12, ஞாயிறு

மூட்டை கட்டுகிறோம். சமையலறையில் இரண்டு அட்டைப் பெட்டிகள். ஒன்றில் ஓசூர் என்றும் ஒன்றில் காங்கேயம் என்றும் நான்தான் எழுதினேன். பூபதி ஓசூரில் இரண்டு அறை வீடு பிடித்துவிட்டார். இரண்டாவது அறை எதற்கு என்று அத்தை கேட்கவில்லை. என் புத்தகங்களுக்கு என்று நினைத்திருக்கலாம்.

மிக்ஸி, தூக்கு, ஜாடி எல்லாவற்றையும் அத்தை ஓசூர் பெட்டியில் போட்டார். "நீ குடும்பம் நடத்தற புள்ள. அங்க எனக்கு எதுக்கு?" காங்கேயம் பெட்டியில் அவருடைய நான்கு புடவைகளும் தைல பாட்டிலும் கண்ணாடிக் கூடும்தான் இருந்தன. அவர் திரும்பியபோது தைல பாட்டிலை எடுத்து ஓசூர் பெட்டியில் போட்டேன். அவர் பார்த்துவிட்டு எடுத்துத் திரும்ப வைத்தார். நான் கண்ணாடிக் கூட்டை மாற்றினேன். அதையும் எடுத்தார். புடவையை மாற்றினேன்.

"என்ன வெளையாட்டு இது, கோகிலா?"

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் பெரிது.

"அத்தை, நீங்க ஓசூருக்கு வாங்க."

"பூபதி சொல்லச் சொன்னானா?"

"இல்லீங்க. நாந்தான் சொல்றேன்."

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, பெட்டியின் ஓரத்தில் நிதானமாக ஒட்டினார்.

"சமையக்கட்டுல உன்ற கூட நான் நின்னா உனக்கு ஆவுமா?"

"ஆகாது," என்றேன். "ஆனா நீங்க இல்லைன்னாலும் ஆகாது."

இதை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அத்தை காது கேளாதவர் போல டேப்பின் முனையைத் தேடினார். முனை கிடைத்ததும், "அங்க மேடை எப்படி?" என்று கேட்டார்.

"நீளமாத்தான் இருக்குதாம். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

"பாதி பத்தாது."

"என்னோட பாதியில ஒரு ஸ்பூன்கூட வெக்கக் கூடாதுங்க."

"அத அங்க போயிப் பேசிக்கலாம்," என்றார். காங்கேயம் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "பேரைத் திருத்தி எழுது. படிச்ச புள்ள, தப்புத் தப்பா எழுதி வெச்சிருக்கற."

ஏப்ரல் 26, ஞாயிறு

ஓசூரில் பால் காய்ச்சினோம். அத்தை எங்களோடு வந்துவிட்டார். நிர்மலா அண்ணிக்குக் கோபம், இன்னும் பேசவில்லை. மேடையில் எனக்குக் கிடைத்தது கால் பங்கு. சாயங்காலம் அதில் மோர்ச் சட்டி வந்து உட்கார்ந்தது, நான் எடுக்கவில்லை.